வரிசையில் நிற்க முடியாத தேசிங்கு

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மரக்காணத்துக் கரையில் இருந்த எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை என்று ஒன்று கிடையாது. கும்பல்தான் உண்டு. வரிசையைக் கொண்டுவந்தவன் நான். சவுக்குக் கம்பு நட்டு, வலைக்கயிறு கட்டி, ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், மாசமாக இருப்பவர்களுக்குத் தனி வழி என்று பிரித்தேன். கயிற்றை அறுத்தார்கள். மறுபடி கட்டினேன். கம்பைப் பிடுங்கி அடுப்பெரிக்கக் கொண்டுபோனார்கள். யார் வீட்டு அடுப்பு என்று விசாரித்து, அந்த வீட்டுக்காரரையே வரிசைக்குக் காவல் நிற்க வைத்தேன். உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு நல்ல தண்ணீர்க் குழாய் வந்தது என்னால். மருந்து ரூமில் எலி ஒழிந்தது என்னால். பிணவறைக்குக் கதவு கிடைத்தது, நான் ஒவ்வொரு பெரிய டாக்டரிடமும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால். நாலாங்கிளாஸோடு நின்று, உப்புக்கூடை சுமந்து, கால் வெடித்தவன் நான். என் இரண்டு பெண்களும் நர்ஸுகள். இதில் எதற்கும் யாருடைய சிபாரிசும் இல்லை. சிபாரிசு செய்யக்கூடிய ஆள் எவரையும் எனக்குத் தெரியவும் தெரியாது.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு மிஷின். ஆஸ்பத்திரியில் புதிதாக வைத்திருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் டோக்கன் வருகிறது, சுவரில் சிவப்பு எழுத்தில் நம்பர் ஓடுகிறது, ஒரு பெண் குரல் அதைப் படிக்கிறது. போன மாசம் சர்க்கரை மாத்திரை வாங்கப் போனேன். அங்கே இப்போது என் வேலையில் இருக்கிற தம்பி, "ண்ணே, இது இல்லாம நீங்க எப்டிண்ணே சமாளிச்சீங்க?" என்று கேட்டார். நின்ற இடத்திலேயே சொல்ல ஆரம்பித்தேன். நான் பாதி சொல்வதற்குள் என் நம்பர் வந்து போய்விட்டது. மிஷின் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டது. "எழுதிக் குடுத்துடுங்கண்ணே, நம்ம ஊழியர் சங்கத்து மலர்ல போட்டுடறோம்" என்றார் தம்பி. எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

வேலை கற்றுக்கொண்ட கதை நீளமானதில்லை. முதலில் பெருக்கினேன், பிறகு ஸ்ட்ரெச்சர் தள்ளினேன், பிறகு கட்டுப்போடும் அறையில் நின்றேன். ஒருநாள் புறநோயாளிப் பிரிவின் வாசலில் அடிதடி ஆனது. போய் நின்று பிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அந்த வாசலை விட்டு என்னை யாரும் நகர்த்தவில்லை. ஆளைப் பார்த்ததும் அவர் எந்த டாக்டருக்கு, எவ்வளவு நேரம் தாங்குவார், யாரோடு சண்டை போடுவார் என்று எனக்குத் தெரியும். இதைப் பாடமாக யாரும் நடத்த முடியாது.

2004 கடைசியில் அலை வந்தது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அலைக்குப் பிறகு வந்தவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதிகாரிகள் வந்தார்கள், அதிகாரிகளைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள், படகைப் பற்றிக் கேட்டார்கள், வீட்டைப் பற்றிக் கேட்டார்கள், வீட்டில் யார் யார் என்று கேட்டார்கள், மறுநாள் வேறொருவர் வந்து அதையே கேட்டார். எங்கள் ஜனங்கள் அந்த வருஷத்தில் ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள். கையில் பேனாவோடு யாராவது கேட்டால் நல்லதை மட்டும் சொல்ல வேண்டும். குடிப்பாரா? மாட்டார். சண்டை உண்டா? இல்லை. பையன் எப்படி? தங்கம். இப்படி ஊரே பழகிக்கிடந்த சமயத்தில்தான் மனநல டாக்டரம்மா வந்தார்.

வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, மாவட்டத்திலிருந்து ஜீப்பில் வருவார். அலையில் பயந்தவர்கள், தூங்காதவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இவர்களுக்காக ஏற்பாடு. அவரைப் பற்றி கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் பார்த்த மேலதிகாரிகளில் அவரைப்போல ஒருவரை முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. குள்ளமான உருவம். சத்தம் போடமாட்டார். நோயாளியின் ஸ்டூலை மேஜைக்கு எதிரே போடக்கூடாது, பக்கவாட்டில் போட வேண்டும். "எதிர்ல போட்டா விசாரணை மாதிரி இருக்கும் கோதண்டம்" என்பார். நோயாளி பேசும்போது எழுதமாட்டார். பேசி முடித்த பிறகும் உடனே கேள்வி கேட்கமாட்டார். சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதில்தான் எதிராளி இன்னொன்றைச் சொல்வார், அதுதான் விஷயமாக இருக்கும். ஒருநாள் பெரிய மனிதர் ஒருவர் வரிசையைத் தாண்டி உள்ளே போய்விட்டார். டாக்டரம்மா நிமிர்ந்து, "உங்க டோக்கன் என்னங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் இல்லை என்றார். "அப்ப கோதண்டத்துக்கிட்ட வாங்கிக்குங்க." அவ்வளவுதான். அன்றைக்கு என் மார்பு கொஞ்சம் அகலமானது என்று சொன்னால் பொய்யில்லை.

இன்னொரு சட்டமும் அவருக்கு உண்டு. ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர் வந்தால் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது. ஒருவரை உள்ளே விட்டால் இன்னொருவரை மருந்து கொடுக்குமிடத்துப் பக்கம் அனுப்பிவிட வேண்டும். அதை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஒரு நாள் தவிர. அந்த நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தேசிங்கு உப்பளத்தில் மோட்டார் போடுகிறவன். கழிமுகத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விட வேண்டும், அளவானதும் நிறுத்த வேண்டும். முப்பது வயது தாண்டியவன். மோட்டாரைப் பற்றி அவனுக்குத் தெரியாததில்லை. போட்டுவிட்டு நிறுத்துவதுதான் அவனால் ஆகாது. போட்டபின் எங்கேயோ ஒரு சைக்கிள் செயின் கழன்றதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். தண்ணீர் ஏறி, உப்பு பூத்திருந்த பாத்தியில் பாய்ந்து, வாரவேண்டிய உப்பெல்லாம் கரைந்துபோகும். பாத்தி முதலாளி அவனை விரட்டாமல் வைத்திருந்ததே, வேறு யாராலும் அந்தப் பழைய மோட்டாரை ஓட வைக்க முடியாததால்தான். பேரைப் போட்டே எழுதுண்ணா என்று தேசிங்கே சொல்லிவிட்டதால் பேரைப் போட்டு எழுதுகிறேன்.

முதல்முறை அவனை இழுத்துக்கொண்டு வந்தவள் அவன் பெண்சாதி செல்வி. இடுப்பில் கைக்குழந்தை. டாக்டரம்மா அறையில் நான் கதவோரம் நின்றிருந்தேன், அது என் வேலை.

"தூக்கமில்லைங்களா? கடலைப் பார்த்தா பயமா இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பயமெல்லாம் இல்லீங்க" என்றான் தேசிங்கு. சொல்லிக்கொண்டே மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரைப் பிரித்துவிட்டான்.

"ஒரு எடத்துல ஒக்கார மாட்டேன்றாருங்க" என்றாள் செல்வி. "சொன்னது ஒண்ணும் நெனப்புல இருக்காது. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு, நாம பேச ஆரம்பிச்சா கேக்க மாட்டாரு. கொழந்தைய தொட்டில்ல போட்டுட்டு வான்னா, தொட்டில ரிப்பேர் பண்ணிட்டு கொழந்தைய தரையில வுட்டுட்டு வர்றாரு. எங்கம்மா பிரம்மதேசத்துலேர்ந்து வந்து பாத்துட்டு, இது பைத்தியம், நீ கெளம்புன்றாங்க."

"அலைக்கு அப்புறம் இப்படியா?"

"முன்னாடியும் இப்டித்தாங்க. அலை வந்த அன்னிக்கு மட்டுந்தான் ஒழுங்கா இருந்தாரு. அன்னிக்கு ஊரே கெளம்பி ஓடுது, இவர் ஒருத்தர்தான் நிதானமா நின்னு, யாரு எந்தப் பக்கம் போவணும்னு சொல்லி அனுப்பினாரு. அதுக்கு மறுநாளு பழையபடி ஆயிட்டாரு."

டாக்டரம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். பிறகு ஏ.டி.ஹெச்.டி. என்று ஒன்றைச் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு வருவது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், வளர்ந்தபிறகும் சிலருக்குப் போகாமல் இருக்கும், பெரியவர்களிடம் அதைத் தேடிப் பார்க்கும் வழக்கம் இங்கே இன்னும் அவ்வளவாக வரவில்லை என்றார். இது பைத்தியமில்லை, வைத்தியம் உண்டு. ஆனால் ஒரே நாளில் பார்த்து எழுத முடியாது. பல தடவை வர வேண்டும். முக்கியமாக, ஏழு வயசுக்கு முன்னாலேயே இவன் இப்படி இருந்தானா என்று அப்போது பார்த்தவர் யாராவது வந்து சொல்ல வேண்டும். அது தெரியாமல் எழுதினால் தப்பான நோய்க்குத் தப்பான மருந்தாகிவிடும்.

அடுத்த வியாழக்கிழமை தேசிங்கு தனியாக வந்தான். மாமியார் பச்சையம்மாள் வந்து செல்வியையும் குழந்தையையும் பிரம்மதேசத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "கெவுர்மெண்டு டாக்டரு பைத்தியமில்லன்னு சொல்லட்டும், அப்புறம் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். தேசிங்கு இதை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டிருந்தான். "ண்ணா, அந்தப் பொண்ணு இல்லாம வூட்ல எது எங்க இருக்குன்னே தெரியலண்ணா" என்றான். "கொழந்த வேற தவழ ஆரம்பிச்சிருக்கும். நான் பாக்கல."

இப்போது கவனியுங்கள். இவன் நோயே காத்திருக்க முடியாத நோய். வைத்தியத்துக்கு வழியோ காத்திருப்பது. சீட்டு வாங்கக் காத்திருக்க வேண்டும், எடை பார்க்க, ரத்த அழுத்தம் பார்க்க, டாக்டருக்கு, மருந்துக்கு, பிறகு அடுத்த வியாழனுக்கு. சும்மா இருக்கிற மனுஷனுக்கே பொறுக்காது. தேசிங்கு சீட்டு வாங்குவான், வரிசையில் நிற்பான், கண்ணைத் திருப்பி எடுப்பதற்குள் ஆள் இருக்கமாட்டான். சீட்டைத் தொலைப்பான். அவன் சட்டையில் நானே சீட்டை ஊக்கு குத்தி மாட்டினேன். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு யாருடைய ஸ்கூட்டருக்கோ கீழே படுத்திருந்தான்.

முறைத்துப் பார்ப்பதும் அதட்டுவதும் அவனிடம் செல்லாது என்று தெரிந்தது. வரிசையைத் தாண்டி உள்ளே விட டாக்டரம்மா சம்மதிக்கமாட்டார், வரிசையில் நிற்கிற ஜனங்களும் விடமாட்டார்கள், வரிசையைக் கண்டுபிடித்தவன் நானே அதை உடைக்கவும் மாட்டேன். யோசித்தேன். வேலை கொடுத்தேன். ஓட்டை விசிறி ஒன்று வருஷக்கணக்காகத் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. "டேய் தேசிங்கு, இது ஓடுமா பாரு" என்றேன். அன்றைக்கு முதன்முறையாக அவன் முறை வரும்வரை ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை. டாக்டரம்மா மணியடித்து, "தேசிங்கு எங்கே?" என்று கேட்டார். "விசிறிமேல இருக்காருங்கம்மா" என்றேன். எழுந்து வந்து பார்த்தார். இவன் மேலிருந்தே வணக்கம் வைத்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அறைக்குள் போய், அன்றைக்கு மட்டும் நோயாளி வருவதற்கு முன்னாலேயே எழுதினார்.

இப்படியாகக் குழாய், சைக்கிள் ஸ்டாண்டு, பிரசவ வார்டு கதவு எல்லாம் ரிப்பேராகிக்கொண்டே வந்தன. கேஸ் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. காரணம், அவன் தாய்.

பள்ளிக்கூடத்தில் விசாரிக்கலாம் என்றால் அவனுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் உயிரோடு இல்லை. தகப்பன் எப்போதோ போய்விட்டார். மிச்சம் அவன் தாய் அஞ்சலை அக்கா ஒருத்திதான். உப்பு வாரிய கை, ஊரில் யாருக்கும் பயப்படாத வாய். மகனைக் காலையில் திட்ட ஆரம்பித்தால் பக்கத்துத் தெருவுக்கு ரேடியோ வேண்டாம். அவளை அழைத்துவந்து உள்ளே உட்கார வைத்தேன். டாக்டரம்மா பக்குவமாகத்தான் கேட்டார்.

"சின்ன வயசுல உங்க பையன் எப்படிங்கம்மா?"

"தங்கமுங்க."

"ஓடிக்கிட்டே இருப்பாரா?"

"ஐயோ, வச்ச எடத்துல இருப்பானுங்க."

"பள்ளிக்கூடத்துல வாத்தியார் ஏதாவது சொன்னாங்களா?"

"நல்ல புள்ளன்னு சொன்னாருங்க. பீடி கூட குடிக்க மாட்டானுங்க."

"அஞ்சு வயசுல பீடி பத்தி நான் கேக்கலைங்கம்மா."

"அப்பவும் குடிக்கலீங்க."

டாக்டரம்மா சும்மா இருந்து பார்த்தார். அஞ்சலை அக்காவும் சும்மா இருந்தாள். சும்மா இருப்பதில் டாக்டரம்மாவை ஜெயித்த ஒரே ஆள் அவள்தான். வெளியே வந்ததும், "ஏங்க்கா, உள்ள போய் இன்னா சொன்ன நீ?" என்று கேட்டேன்.

"பின்ன இன்னா சொல்லச் சொல்ற? எழுதி வெச்சிட்டாங்கன்னா? மெண்டலுன்னு கவுர்மெண்டுல எழுதிட்டா அந்தப் பிரம்மதேசத்துக்காரி அதையே காட்டி பொண்ண அத்துக்கினு போயிடுவா. எம்புள்ள தனியா நிக்கணுமா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மகன் குடும்பம் உடையக்கூடாது என்றுதான் மறைத்தாள். மறைத்ததால்தான் குடும்பம் சேரவில்லை. இதை அவளுக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்வதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. "நீயும் பேனா வச்சிருக்கறவங்க பக்கந்தான்" என்றாள்.

அதற்குள் 2006 பிறந்துவிட்டது. அலைக்கான ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா ஒருநாள் புறப்படும்போது ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, "அடுத்த வாரத்தோட இங்க வர்றது நின்னுடும் கோதண்டம். தேசிங்கு கேஸைத்தான் முடிக்காம போறேன்" என்றார். மாவட்டத்துக்கு வந்து பார்க்கச் சொல்லலாமே என்றேன். "இங்கேயே நிக்க மாட்டேன்றார், பஸ் ஏறி அங்க வந்து நிப்பாரா?" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்னால் உட்கார முடியவில்லை. என் வீட்டுக்காரி, "ஒங்களுக்கும் அந்த நோவு ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டாள். நான் ஆளைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவன். அஞ்சலை அக்கா எப்போது உண்மையைக் கொட்டுவாள்? டாக்டரிடம் இல்லை, என்னிடம் இல்லை, மகனிடமும் இல்லை. அவள் வாய் யாரிடம் நிற்காது? சண்டையில். யாரோடு சண்டையில்? விஷயம் பிடிபட்டது.

ஞாயிற்றுக்கிழமை மொபெட்டை எடுத்துக்கொண்டு பிரம்மதேசம் போனேன். பச்சையம்மாள் களத்தில் நெல் உலர்த்திக்கொண்டிருந்தாள். நல்ல உழைப்பாளி, கணக்கான பேச்சு. செல்வி குழந்தையோடு வாசலில் நின்றாள், என்னைப் பார்த்ததும் எதையும் கேட்காமல் கண்ணாலேயே கேட்டாள். "டாக்டரம்மா வியாழக்கிழம முடிவு சொல்லப் போறாங்க. ஒங்க பக்கத்து நியாயத்தையும் வந்து சொல்லுங்கம்மா. பொண்ணு உங்களுது" என்றேன் பச்சையம்மாளிடம். "கூப்புடலன்னாலும் வருவேன்" என்றாள். அஞ்சலை அக்காவிடம், மகனைக் கூட்டிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னேன். யார் யார் வருகிறார்கள் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை. டாக்டரம்மா அறைக்கு வெளியே இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பெஞ்சு. அஞ்சலை அக்காவை முதலில் உட்கார வைத்தேன். பச்சையம்மாள் வந்ததும் அவள் பக்கத்திலேயே காட்டினேன். டாக்டரம்மாவின் சட்டம் எனக்குத் தெரியாதா? அந்தச் சட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவனே நான்தான். தெரிந்தேதான் செய்தேன். தேசிங்குக்கு அங்கேயே சுவர் டியூப்லைட்டைச் சரிபார்க்கும் வேலை கொடுத்து ஸ்டூல்மேல் ஏற்றிவிட்டேன்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பச்சையம்மாள் எதிரே இருந்த சுவரிடம் சொன்னாள்:

"ஒழுங்கான புள்ளன்னு சொல்லித்தான் தலையில கட்டினாங்க."

"யார சொல்ற?" என்றாள் அஞ்சலை.

"செவுத்த சொல்றேன்."

"செவுத்துக்கா பொண்ணு குடுத்த?"

"குடுத்திருந்தா ஒரு எடத்துலயாவது நின்னிருக்கும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அஞ்சலை அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"இந்தாம்மே, வார்த்தைய பாத்துப் பேசு. எம்புள்ளைக்கு இன்னா கொறச்சல்?"

"கொறச்சல மறைச்சுத்தானே கட்டி வெச்ச? நோவு இருக்கறத சொன்னியா நீ?"

"மறைச்சனா! நானா மறைச்சேன்? பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அவன் பாயில ஒக்காந்தானா? பஜ்ஜி வர்றதுக்குள்ள எத்தினி வாட்டி எழுந்து போனான்? ஒங்க வூட்டு மோட்டாரு ஓடலன்னு யாரோ சொன்னாங்கன்னு, பட்டு வேட்டியோட கெணத்துல எறங்கினானே, யாரு பாத்தது? நீதானே கெணத்து மேட்டுல நின்னு மாப்ள நல்ல சுறுசுறுப்புன்னு வாயெல்லாம் பல்லா சிரிச்ச?"

"அது அன்னிக்கு ஒரு நாளுக்குன்னு நெனச்சேன்."

"ஒரு நாளா? பொறந்ததுலேர்ந்து அப்டித்தான்! அஞ்சு வயசுல பள்ளிக்கூடத்து ஜன்னல்ல குதிச்சு ஓடியாந்தவன். வாத்தியாரு தூண்ல கட்டிப் போட்டாரு, தூண சுத்திக்கினே இருந்தான். வாங்கிக் குடுத்த சிலேட்டு ஒண்ணு வூடு திரும்புச்சா? எண்ணெய்க்கு அனுப்பினா எண்ணெயும் வராது, புட்டியும் வராது, அவனும் வரமாட்டான். பாத்தில நாங்க உப்பு வாரி குமிச்சு வெப்போம், அது மேல ஏறி ஏறி சரிச்சு வுடுவான். ஊருக்கே தெரியும். ஒனக்குத் தெரியலன்னா நீ கண்ண மூடிக்கினு பொண்ணு குடுத்தியா?"

ஸ்டூல் மேலிருந்து தேசிங்கு, "யம்மா, அந்த ஆட்டுக்குட்டி கதைய வுட்டுட்டியே!" என்றான்.

"டேய், நீ கம்முனு இரு!" என்றார்கள் சம்பந்திகள் இருவரும், ஒரே குரலில்.

"இல்ல அத்த, நீங்களும் கேளுங்க, அது நல்லா இருக்கும். எனக்கு ஆறு வயசு..." என்று ஆரம்பித்து, ஆட்டுக்குட்டியை மேய்க்கப் போனதைச் சொல்ல வந்து, வழியில் பார்த்த லாரியைச் சொல்லி, லாரிக்காரர் பேரைச் சொல்லி, ஆட்டுக்குட்டி என்ன ஆனது என்பதைச் சொல்லாமலே டியூப்லைட்டுக்குத் திரும்பிவிட்டான்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அறைக் கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா நின்றிருந்தார். எப்போதிலிருந்து நின்றார் என்று எனக்குத் தெரியாது. கையில் பேனா இல்லை.

அஞ்சலை அக்கா அவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். இவ்வளவு நாள் காத்த ரகசியத்தை ஆஸ்பத்திரி நடைபாதையில் போட்டு உடைத்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா சொன்னார்: "வெளியில பேசினது எதையும் நான் எழுதப் போறதில்ல. அது உங்க வீட்டு விஷயம். உள்ள வந்து என்கிட்ட சொன்னாத்தான் எழுதுவேன். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஒவ்வொருத்தரா வாங்க. கோதண்டம், இன்னொருத்தரை மருந்து பக்கம் கூட்டிட்டுப் போங்க."

பச்சையம்மாளை நான் மருந்து கொடுக்குமிடத்தில் விட்டுவிட்டுத் திரும்பினேன். அஞ்சலை அக்கா உள்ளே போனாள். கதவு சாத்தியிருந்தது, ஆனால் அந்த அக்காவின் குரலுக்குக் கதவு ஒரு பொருட்டில்லை. "மெண்டலுன்னு எழுதுவீங்களா?" என்று கேட்டாள். டாக்டரம்மா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பிறகு வெகுநேரம் அஞ்சலை அக்கா பேசினாள், இந்த முறை சண்டைக் குரலில் இல்லை. தாழ்ந்த குரலில். ஒரு இடத்தில் அழுதாள். அவனைத் தூணில் கட்டிய இடத்தில்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பச்சையம்மாள் போய்ச் சொன்னாள். பிறகு தேசிங்கைக் கூப்பிட்டு வெகுநேரம் கேட்டார். அன்றைக்கு வரிசை மதியம் தாண்டியும் நகரவில்லை. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். நான் நின்று பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் எல்லாரையும் ஒன்றாக உள்ளே வைத்து டாக்டரம்மா சொன்னார். இது பைத்தியமில்லை. அலையால் வந்ததில்லை. சின்ன வயசிலிருந்தே இருப்பது. மனசை ஒரு இடத்தில் நிறுத்துவது இவருக்கு மற்றவர்களைவிடக் கஷ்டம், வேண்டுமென்று செய்வதில்லை. இதற்கென்றே உள்ள மாத்திரை நம் ஆஸ்பத்திரியில் இல்லை, இருப்பதில் ஒன்று கொஞ்சம் உதவும். மாத்திரையைவிட வேலையை மாற்றி அமைப்பது உதவும்.

பச்சையம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்டாள்: "அப்ப எம்பொண்ணு காலடி வெச்சதால இல்லீங்களே?"

"இல்லைங்கம்மா."

"எங்க வூட்டு விருந்துல எதையோ கலந்து குடுத்துட்டோம்னு இவங்க ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாங்க. அதுவும் இல்லீங்களே?"

"நிச்சயமா இல்ல."

பச்சையம்மாள் அஞ்சலைப் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா?" என்றாள். அதற்காகத்தான் அவள் இத்தனை நாளாகப் பெண்ணை வீட்டில் வைத்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பைத்தியத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. பழி தன் வீட்டுமேல் இருந்தது. அஞ்சலை அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "கொழந்த தவழுதா?" என்று கேட்டாள். "நடக்கவே ஆரம்பிச்சிடுச்சு" என்றாள் பச்சையம்மாள். "ஒரு எடத்துல நிக்கல. அப்பன மாதிரி."

செல்வி அந்த மாசமே வந்துவிட்டாள். பாத்தி முதலாளியிடம் நானே போய்ப் பேசினேன், மோட்டாரைப் போட்டு நிறுத்த வேறு ஆளை வையுங்கள், எல்லாப் பாத்தி மோட்டாரையும் ரிப்பேர் பார்க்க இவனை வையுங்கள் என்று. ஒத்துக்கொண்டார். மாத்திரை கொஞ்ச நாள் சாப்பிட்டான், மறந்தான், மறுபடி செல்வி கொடுக்க ஆரம்பித்தாள். முழுக்கச் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். இன்றைக்கும் அவனோடு டீக்கடைக்குப் போனால் நான் குடிப்பதற்குள் அவன் ரோட்டைத் தாண்டியிருப்பான். ஆனால் குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது. இப்போது பெரிய முதலியார்சாவடிப் பக்கம் சொந்தமாக மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான்.

அந்தச் சண்டை நடந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஜீப் புறப்படும்முன் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல யார் உட்கார வெச்சது?" என்றார். "நான்தாங்கம்மா" என்றேன். திட்டினார். சத்தமில்லாமல்தான், ஆனால் இவ்வளவு வருஷ சர்வீஸில் அவ்வளவு திட்டு நான் வாங்கியதில்லை. அந்தம்மா பயந்துபோய் எழுந்து போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள், ஊரே கேட்டிருக்கிறதே, ஒரு தாயை அப்படி நடைபாதையில் வைத்து அழவிடலாமா, இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்றார். செய்யமாட்டேன் என்றேன். செய்யவும் இல்லை, அதற்குத் தேவையும் வரவில்லை. ஜீப் போய்விட்டது. பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

இந்தக் கேஸை அவர் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் சொன்னதாக என் சின்னப் பெண் மூலமாகக் கேள்விப்பட்டேன். கிராமத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரியவர் ஒருவருக்கு இந்த நோயைக் கண்டுபிடித்ததை எல்லாரும் பாராட்டினார்களாம். தகவல் தந்தவர்கள் தாய், மாமியார் என்று சொன்னாராம். அதுவரை சரி. டாக்டரம்மா கெட்டிக்காரர், அவர் பெருமையில் கை வைக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அந்தத் தாயும் மாமியாரும் தாங்களாக வந்து தகவல் தந்தவர்களா? ஒருத்தி சொல்லவே மாட்டேன் என்றவள், இன்னொருத்தி நான் போய்ச் சொல்லும்வரை ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவள். சங்கத்து மலர் ஆசிரியருக்கும், ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும், இந்தக் கேஸை இனி எங்கே யார் எடுத்துச் சொன்னாலும் அவர்களுக்கும் நான் கேட்பது இதுதான். தாய், மாமியார் என்பதற்கு அடுத்த வரியில், "இவர்களைப் பேச வைத்தவர் கோதண்டம், மருத்துவமனைப் பணியாளர்" என்று சேர்க்க வேண்டும். சின்ன எழுத்தில் இல்லை, அதே எழுத்தில். அதற்காக டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கினான் என்பதையும் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். திட்டு யாருக்கு விழுந்ததோ, வேலையை அவன்தானே செய்திருக்க வேண்டும்?